அரை டம்ளர் ஞானம்

தி.நகரில் இருக்கும் நண்பரின் மகன், கல்லூரி மூன்றாம் ஆண்டு, போன வாரம் வீட்டுக்கு வந்தான். கையில் லஸ் பக்கம் நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகம். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'தி டோர்ஸ் ஆஃப் பர்செப்ஷன்'. "அங்கிள், ஃப்ரெண்ட்ஸோட கொடைக்கானல் போறோம். அங்க காளான் கிடைக்குமாம். ஹக்ஸ்லியே சாப்பிட்டிருக்காரே, என்ன தப்பு?" என்றான்.

ஹக்ஸ்லி சாப்பிட்டது காளான் அல்ல. 1953 மே மாதம், லாஸ் ஏஞ்சலீஸில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் கொடுத்த 0.4 கிராம் மெஸ்கலின். கள்ளிச் செடிச் சரக்கு. அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். பூ ஜாடி, நாற்காலிக் கால், தன் பேன்ட்டின் மடிப்பு எல்லாம் ஜொலித்தன. அடுத்த வருஷம் புத்தகம். பேன்ட் மடிப்பைப் பற்றி இத்தனை அழகாக வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை.

அவர் தியரி சுவாரஸ்யமானது. மூளை ஒரு குழாய்த் திருகு. உலகம் மொத்தமும் உள்ளே கொட்டாமல், பிழைப்புக்கு வேண்டியதை மட்டும் சொட்டவிடுகிறது. மருந்து திருகைத் தளர்த்துகிறது. இந்த வகை மருந்துகள் செரட்டோனினுக்கான ஒரு பூட்டில் கள்ளச்சாவி போல நுழைகின்றன என்பது இப்போது தெரியும். காளானில் உள்ள ஸைலோசைபினைக் கொடுத்து லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் ஸ்கேன் செய்ததில் (2012) மூளையின் சில மையங்களில் வேலை குறைந்திருந்தது. கிழவர் குத்துமதிப்பாகச் சொன்னது முழுக்கத் தப்பில்லை.

புத்தகத்தின் கோளாறு வேறு. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு டோஸ். அதை வைத்துக்கொண்டு, சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் பதிலாக மனித குலத்துக்கே நல்லதொரு கதவு வேண்டும் என்கிறார். மனச்சோர்வும் தீராத பதற்றமும் உள்ளவர்களுக்கு இது நரகமாகலாம் என்பதையும் சொல்கிறார்தான். சில வரிகளில். படிக்கிறவர்கள் ஜாடியை ஞாபகம் வைத்துக்கொண்டு நரகத்தை மறந்துவிடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1954ல் ஹக்ஸ்லி இன்னொரு புத்தகத்துக்கு முன்னுரை எழுதினார். நம் அடையாறு வசந்த விஹாரில் பேசிக்கொண்டிருந்த ஜே.கிருஷ்ணமூர்த்தியின் 'தி ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட் ஃப்ரீடம்'. மருந்து மோட்சத்துக்கு அவசியமில்லை, ஆனால் உதவும் என்பது ஹக்ஸ்லி கட்சி. கிருஷ்ணமூர்த்தி, மாத்திரை காட்டுவதும் உங்கள் பழைய மனசின் படம்தான் என்று அதை ஒதுக்கினார். நண்பர்கள் கடைசிவரை நண்பர்கள்.

மைக்கேல் போலனின் 'ஹவ் டு சேஞ்ச் யுவர் மைண்ட்' (2018) இன்னும் பொறுப்பான புத்தகம். அறுபதை நெருங்கும் வயதில், இதய டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் வழிகாட்டியோடு சோதித்து எழுதினார். ஆனாலும் உற்சாகம் கொஞ்சம் தூக்கல். 2022ல் வெளியான பெரிய பரிசோதனையைப் பாருங்கள். வேறு மருந்துக்கு மசியாத மனச்சோர்வு நோயாளிகள் 233 பேர். 25 மில்லிகிராம் ஸைலோசைபின் ஒரே டோஸ் பெற்றவர்களில் மூன்றாவது வாரம் 29 சதவிகிதம் பேர் மீண்டிருந்தார்கள்; பேருக்கு 1 மில்லிகிராம் பெற்றவர்களில் 8. பன்னிரண்டாவது வாரம் பலன் மங்கியது. சிலருக்குத் தற்கொலை எண்ணம் வந்தது. நம்பிக்கைதான், அற்புதமில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, சொல்லத் தயங்கியதையும் சொன்னேன். அவன் சித்தப்பா இருபது வருஷமாக ஸ்கிஸோஃப்ரினியாவுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். குடும்பத்தில் அந்த வியாதி இருந்தால் இந்தப் பரிசோதனைகளில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணம், தூங்கும் புலியை இது எழுப்பிவிடலாம். ஹக்ஸ்லி பக்கத்தில் டாக்டர் இருந்தார், பேச்சைப் பதிவு செய்ய மெஷின் இருந்தது, டோஸ் கிராம் கணக்கில் தெரிந்தது. கொடைக்கானலில்? அது விஷக் காளானா என்பதே தெரியாது. 1985ன் போதைப்பொருள் சட்டத்தில் ஸைலோசைபினும் உண்டு, எல்.எஸ்.டி.யும் உண்டு. எல்.எஸ்.டி. 0.1 கிராமைத் தாண்டினால் குறைந்தது பத்து வருஷம்.

"சித்தப்பா பத்தி இதுல ஒண்ணும் இல்லையே அங்கிள்" என்றான்.

இல்லைதான். எந்தப் புத்தகத்திலும் உங்கள் சித்தப்பா இருக்கமாட்டார். அந்தப் பக்கத்தை நீங்களே சேர்த்துப் படிக்க வேண்டும்.

கொடைக்கானல் போய்வந்தான். ஏரியில் படகு விட்ட போட்டோ அனுப்பியிருந்தான். படகு மட்டும்தான் என்று நம்புகிறேன்.