மரத்தில் தொங்கும் தாடி

ஸ்வீடன், நார்வே நாடுகளின் பழைய ஸ்புரூஸ் காடுகளில் கிளைகளிலிருந்து சரம் சரமாகத் தொங்குகிறது உஸ்னியா லாங்கிசிமா. வெளிர்பச்சை நிறம், 3 மீட்டர்கூட நீளும். பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் லைக்கன் இனம். செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசிக்குத் தூரத்துச் சொந்தம்!

ஈரமான சரத்தை மெல்ல இழுத்தால், உள்ளே ரப்பர்போல் நெகிழும் நரம்பு தட்டுப்படும். அதன் நெடுகிலும் குட்டைக் கிளைகள்.

வேர் கிடையாது. மரத்தை உறிஞ்சுவதும் இல்லை. மழை, மூடுபனி, வெளிச்சம் போதும். காற்றில் கந்தக டை ஆக்சைடு ஏறினால் மட்டும் தாங்காது.

வித்து உண்டாவது அபூர்வம். காற்றில் அறுந்த துண்டு பக்கத்து மரத்தில் சிக்கினால்தான் அடுத்த தலைமுறை. அந்தத் துண்டும் வெகுதூரம் போகாது. காட்டை மொட்டையடித்துக் கன்று நட்டுவிட்டு, ‘காடு திரும்பிவிட்டது’ என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அருகில் பழைய மரங்கள் மிஞ்சாத இடத்தில் இந்த லைக்கன் மறுபடி வளர்வது கடினம்.