கருந்திரையும் ஒரு சொல்லும்

2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சீடாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அத்தகைய பழைய கருவிகளில் பென்டிரைவ் வழியே லினக்ஸை மீண்டும் நிறுவுகையில் நேரும் தடைகளைக் களைவது, கடலோர ஊர்களில் உப்புக்காற்று படிந்த யுஎஸ்பி துளையைத் துடைப்பதில் தொடங்கி, கோப்பு பழுதின்றி இறங்கியதா என்று காட்டும் செக்சம் எண்ணை ஒப்பிடுவது, கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸில் பென்டிரைவைத் தொடக்க வரிசையில் முதலிடத்துக்கு உயர்த்துவது என நீளும் பொறுமையான கைத்தொழிலாகும். இவற்றுள் மிக அழகானது கருந்திரையைத் தீர்க்கும் முறை: இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் திரையமைப்பைத் தானே மாற்ற முயன்று, பழைய கிராஃபிக்ஸ் சில்லு அதற்கு ஈடுகொடுக்காமல் திரை இருண்டுவிட்டால், தொடக்க வரியில் ‘நோமோட்செட்’ என்னும் ஒற்றைச் சொல்லைச் சேர்த்ததும் அம்முயற்சி நின்று, எளிய திரைமுறையில் நிறுவல் பக்கம் பெரும்பாலும் ஒளிர்ந்துவிடும்.