சேவலின் பெயரில் ஒரு பெண்

'கோக்கெட்' என்ற சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள் சுருக்கமானது: ஆண்களைத் தன்பால் ஈர்த்துவிட்டு எவருக்கும் மனத்தைக் கொடுக்காத பெண். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேரைத் தேடிப் போனால் அங்கே பெண் இல்லை. பிரெஞ்சில் 'கோக்' என்றால் சேவல். 'கோக்கே' குட்டிச் சேவல். பெட்டைகளுக்கு முன்னால் கொண்டையைச் சிலுப்பி நடப்பவன். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஆண், பெண் இருவருக்குமே வழங்கியது. பிறகு ஆண்பால் உதிர்ந்தது. பெண்பால் விகுதியோடு வசவு மட்டும் தங்கிவிட்டது. சிலுப்பி நடந்தது சேவல், பெயர் வாங்கியது கோழி.

மொலியேரின் 'மிசாந்த்ரோப்' (1666) நாடகத்தில் வரும் செலிமேன் இந்தச் சொல்லின் முகமாகவே ஆகிவிட்டவள். வயது இருபது, கணவனை இழந்தவள். அவளைச் சுற்றிவரும் ஒருவனை ஏன் விரட்டவில்லை என்று காதலன் பொருமுகிறான். அவள் சொல்லும் காரணம்: தனக்கு ஒரு வழக்கு நடக்கிறது, அவனுடைய நண்பர்களின் தயவு வேண்டும். இதைப் பசப்பு என்பதா, பிழைப்பு என்பதா?

ஆனால் இந்தச் சொல் ஒருத்தியை என்ன செய்யும் என்று காட்ட, மாணவியருக்கு நான் எடுத்துக்கொடுப்பது ஹன்னா வெப்ஸ்டர் ஃபாஸ்டரின் 'தி கோக்கெட்' என்ற அமெரிக்க நாவலை. 1797இல் அது வெளிவந்தபோது நூலில் அவர் பெயர் இல்லை. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஒரு பெண்மணி என்று மட்டும் இருந்தது. பெயர் முகப்பில் ஏறியது 1866இல். அவர் இறந்ததோ 1840இல்.

கதைக்குப் பின்னால் உண்மையான ஒருத்தி இருந்தாள். எலிசபெத் விட்மன், ஹார்ட்ஃபோர்டு நகரப் பாதிரியாரின் மகள், கவிதை எழுதியவள். 1788இல் டான்வர்ஸ் ஊரில் ஒரு விடுதியில் வேறு பெயரில் தனியாகத் தங்கினாள். குழந்தை இறந்தே பிறந்தது. சில நாளில் அவளும் இறந்தாள். பத்திரிகைகள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டன: காதல் கதைகளை அதிகம் படித்தாள், கர்வம் ஏறியது, நல்ல வரன்களைத் தட்டிக்கழித்தாள். தகப்பன் யார் என்பது வெளிவரவே இல்லை. பின்னாளில் கல்லறைக்கு வந்தவர்கள் கல்லைச் சில்லுசில்லாகப் பெயர்த்து நினைவுப்பொருளாக எடுத்துப்போனார்கள்.

நாவலில் அவள் எலிசா வார்ட்டன். பெற்றோர் பார்த்துவைத்த போதகர் இறந்துபோக, கட்டாயத்திலிருந்து விடுபடுகிறாள். கொஞ்ச காலம் தன் போக்கில் இருக்க ஆசைப்படுகிறாள். அடுத்து போயர் என்ற இன்னொரு போதகர் மணம் பேசுகிறார். அவரிடம் அவள் கேட்பது அவகாசம். அன்றைய சட்டப்படி மணமான பெண்ணின் சொத்துரிமையும் ஒப்பந்தம் செய்யும் உரிமையும் கணவனுக்குள் அடங்கிவிடும். 'சரி' என்பது ஒரே ஒருமுறை சொல்லக்கூடிய சொல். அதற்கு முந்தைய சில மாதங்கள்தான் அவளுக்கு வாய்த்த பேச்சுரிமை. அந்த மாதங்களுக்குத்தான் ஊர் இந்தப் பெயரை வைத்தது. வைத்தவர்கள் பதிலுக்குக் காத்திருந்தவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும்.

மேஜர் சான்ஃபோர்டைப் பாருங்கள். இவள் கோக்கெட்டாக இருக்கும், அப்படியானால் ஆணினத்தின் சார்பில் பழிதீர்ப்பேன் என்று நண்பனுக்குக் கடிதம் எழுதுகிறான். பணக்கார மனைவி வேண்டும் என்பதால் எலிசாவை மணக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. இன்னொருவன் மணக்கவும் விடமாட்டான். ஆசை காட்டி, பிடிகொடுக்காமல் இழுத்தடிப்பவன் அவன்தான். அகராதிப்படி நாவலின் கோக்கெட் சான்ஃபோர்டு, தலைப்பு எலிசாவுக்கு. ஃபாஸ்டரின் தீர்ப்பாக அந்தத் தலைப்பை நான் படிப்பதில்லை, ஊர்வாயை எடுத்து முகப்பில் ஒட்டிய கிண்டலாகவே படிக்கிறேன். (தோழியரின் உபதேசக் கடிதங்கள் சலிப்பூட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ரூசோ தம் 'எமீல்' (1762) நூலில் கோக்கெட்தனம் பெண்ணின் இயல்பு என்றார். அது இயல்பல்ல, பழக்கப்படுத்தியது என்று 1792இல் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் திருப்பி அடித்தார். அவர் வாதம் சரி. ஆனால் பழக்கப்பட்டுப்போன பெண்கள்மேல் அவருக்கு வரும் எரிச்சல் எனக்கு ஒப்பவில்லை. வேறெதுவும் கையில் இல்லாதவள் இருப்பதைத்தானே வீசுவாள்?

என் மாணவியருக்கு இந்தச் சொல் இன்ஸ்டாகிராம் வழியாக முன்பே அறிமுகம். அங்கே அது ரிப்பன், லேஸ், இளஞ்சிவப்பு. ரிப்பனோடு எனக்கு வழக்கில்லை. தமிழில் சொல்லுங்கள் என்றால்தான் பழைய கணக்கு எழுகிறது: மினுக்கி, குலுக்கி, தளுக்குக்காரி, பசப்புக்காரி எனப் பட்டியல் தானாக வருகிறது. ஆண்பால் கேட்டேன். அமைதி. சற்றுப் பொறுத்து 'மன்மதன்' என்று ஒரு குரல். அது வசவா, பட்டமா என்று சிரிப்பு.

'பசப்பு' என்ற சொல்லில் கொஞ்சம் நின்றோம். குறளில் 'பசப்புறுபருவரல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே பசப்பு, பிரிந்து போனவனுக்காகக் காத்திருப்பவளின் மேனியில் படரும் நிறம். இன்றைய பேச்சில் அதே ஒலி, காத்திருக்க வைப்பவளின் பொய்.

நாவலின் தலைப்பை வகுப்பில் ஒலிபெயர்த்தே எழுதுகிறோம். சான்ஃபோர்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் கிடைக்கும்வரை எலிசாவுக்கும் வேண்டாம் மேடம் என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள். ஒத்துக்கொண்டோம்.