எட்டுத் தீவுகள், ஒரே டாலர்

1976 ஜூலையில் கிழக்குக் கரீபியத் தீவுகள் எடுத்த ஒரு முடிவு இன்றும் அப்படியே நிற்கிறது. அதுவரை அவர்களுடைய டாலர் பிரிட்டிஷ் பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஒரு பவுண்டுக்கு 4.80. பவுண்டு சரியத் தொடங்கியதும் அந்தப் பிணைப்பை அறுத்து, அமெரிக்க டாலரோடு கட்டினார்கள். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபிய டாலர். அதன் பிறகு எண்ணெய் விலை ஏறி இறங்கியது, வாழைச் சந்தை கைவிட்டுப் போனது, புயல்கள் தலைநகரங்களைப் பெயர்த்தன, கொரோனா காலத்தில் சுற்றுலாவே நின்றது. 2.70 மட்டும் மாறவில்லை.

அக்கம்பக்கத்தைப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். 1970களின் தொடக்கத்தில் ஒரு ஜமைக்கா டாலர் ஒரு அமெரிக்க டாலரைவிடச் சற்றுக் கூடுதல் மதிப்புடையது. இன்று ஒரு அமெரிக்க டாலர் வாங்க 150 ஜமைக்கா டாலருக்கு மேல் வேண்டும். கயானாவில் 200க்கு மேல். எண்ணெயும் எரிவாயுவும் உள்ள டிரினிடாடுகூட 2.40இல் தொடங்கி 7ஐ நெருங்கிவிட்டது. அங்கே வங்கியில் அந்நியச் செலாவணி கிடைப்பதே பெரும்பாடு. எந்த வளமும் இல்லாத சிறு தீவுகள் பெரிய அண்டைநாடுகளைவிட உறுதியான பணத்தை வைத்திருக்கின்றன. இது சாதனைதான். ஆனால் பணத்தைக் காத்த அதே ஒற்றுமையை வேறெதிலும் அவர்கள் கைக்கொள்ளவில்லை என்பதும், பணம் உறுதியாக இருப்பதையே பொருளாதாரம் உறுதியாக இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள் என்பதும் என் மதிப்பீடு.

ஆன்டிகுவா பார்புடா, டொமினிக்கா, கிரெனடா, செயின்ட் கிட்ஸ் நெவிஸ், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் கிரெனடின்ஸ் ஆகிய ஆறு சுதந்திர நாடுகள். பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட அங்குயில்லாவும் மான்செராட்டும். எட்டையும் கூட்டினாலும் மக்கள்தொகை ஆறு லட்சத்தைச் சற்றே தாண்டும். மேற்கிந்தியக் கூட்டாட்சி 1962இல் உடைந்த பிறகு, ஒன்றாக இருந்த நாணய அமைப்பிலிருந்து டிரினிடாடும் கயானாவும் பிரிந்து சொந்த மைய வங்கி வைத்துக்கொண்டன. 1973இல் பார்படோஸும் தன் டாலரோடு தனியே போனது. தனி மைய வங்கி நடத்தத் தோதில்லாத சிறிய தீவுகள் மட்டும் சேர்ந்தே இருந்தன. அவர்களுக்காக 1983இல் கிழக்குக் கரீபிய மைய வங்கி செயின்ட் கிட்ஸின் தலைநகர் பாஸட்டேரில் அமைந்தது. வேறு வழியில்லாமல் சேர்ந்திருந்தவர்களிடம்தான் நிலைத்த பணம் வாய்த்தது.

அதற்குக் காரணம் அமைப்பு விதிகள். அச்சிடும் பணத்துக்கு ஈடாகக் குறைந்தது 60 விழுக்காடு அந்நியக் கையிருப்பு இருக்க வேண்டும். அரசுகளுக்கு வங்கி கடன் கொடுக்கலாம், ஆனால் அவற்றின் வருவாயை ஒட்டிய இறுக்கமான வரம்புக்குள்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, 2.70 என்ற மதிப்பை மாற்ற எட்டு அரசுகளின் அமைச்சர்களும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மாற்ற முடியாது. தேர்தல் நெருங்கும்போது ஒரு பிரதமருக்குப் பணம் தேவைப்பட்டால், மற்ற ஏழு தலைநகரங்களும் அவருக்கு வழிவிட வேண்டும். அந்த ஏழு பேருக்கும் அப்போது தேர்தல் இருக்காது. ஒருவரின் அவசரத்தை மற்றவர்கள் தடுக்கும்படி அமைந்த இந்த ஏற்பாடுதான் நாணயத்தைக் காத்தது. ஆளுநர்களின் திறமைகூட அதற்கு அடுத்துத்தான். 1989 முதல் 2015 வரை ஆளுநராக இருந்த டுவைட் வென்னர் மிகுந்த மதிப்புக்குரியவர். பின்னாளில் 50 டாலர் தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. ஆனால் அவரைப் போன்ற திறமைசாலிகள் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலும் கயானாவின் ஜார்ஜ்டவுனிலும் இருந்தார்கள். அங்கே அவர்களுக்குத் துணையாக இப்படியொரு விதி இல்லை.

இந்தப் பகுதியின் பேரிடர்களை அறிந்தவருக்கு இதன் எடை தெரியும். 1995இல் எரிமலை வெடிக்கத் தொடங்கி மான்செராட்டின் தலைநகர் பிளிமத் சாம்பலில் புதைந்தது. மக்களில் பெரும்பாலோர் தீவைவிட்டே போனார்கள். 2004 செப்டம்பரில் இவான் புயல் கிரெனடாவைத் தாக்கியபோது, சேதம் நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஜாதிக்காய் மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன. நட்டுக் காய்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் மரம் அது. 2017இல் மரியா புயல் டொமினிக்காவில் விட்டுப்போன இழப்பு ஆண்டு உற்பத்தியில் 226 விழுக்காடு. தனி நாணயம் வைத்திருக்கும் தீவுக்கு இப்படி நேர்ந்தால், மறுசீரமைப்புக்கு அரசு நோட்டடிக்கும். கூரைத் தகடும் சிமெண்ட்டும் பலகையும் வெளிநாட்டிலிருந்து டாலருக்குத்தான் வரும். ஆகவே பணத்தின் மதிப்பு இறங்கும். வீட்டோடு சேமிப்பும் போகும். டொமினிக்காவில் வீடிழந்தவர்களுக்கு அந்த இரண்டாவது இழப்பு வரவில்லை. பிணைப்பைக் குறைசொல்பவர்கள் இதை முதலில் கணக்கில் வைக்க வேண்டும்.

மதிப்பைக் குறைத்தால் ஏற்றுமதி பெருகும் என்ற வழக்கமான வாதம் இங்கே முழுதாகச் செல்லாது. உணவு, எரிபொருள், மருந்து, உதிரிபாகம் எல்லாமே இறக்குமதி. மியாமியிலிருந்து கிளம்பும் கப்பல் ஒரு வாரம் வராவிட்டால் கடைத் தட்டுகள் காலியாகும். சுற்றுலா விடுதிகள் அறைக்கட்டணத்தை அமெரிக்க டாலரிலேயே சொல்கின்றன. நாணயத்தைத் தாழ்த்தினால் விடுதிக்காரருக்குக் கூலிச் செலவு குறையும். கூலிக்காரருக்கு அரிசி விலை ஏறும். அவ்வளவுதான் நடக்கும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு தொழில் விடுபட்டுப் போயிற்று. செயின்ட் லூசியா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா ஆகிய விண்ட்வர்டு தீவுகளின் சிறு விவசாயிகள் வாழையைப் பிரிட்டனுக்கு விற்று வாழ்ந்தவர்கள். அவர்கள் வருமானம் பவுண்டில். அவர்கள் நாட்டுப் பணம் அமெரிக்க டாலரின் பின்னால். 1980களின் முதற்பாதியில் அமெரிக்க டாலர் ஏறியபோது பவுண்டு 1985 தொடக்கத்தில் 1.05 டாலர் அருகே இறங்கியது. 4.80 கிடைத்த ஒரு பவுண்டுக்கு இப்போது 3 கிழக்குக் கரீபிய டாலருக்கும் குறைவு. பழக்குலை அதே குலைதான், உழைப்பும் அதேதான். பிணைப்பை அமெரிக்கப் பக்கம் மாற்றியது இறக்குமதி வணிகருக்கும் விடுதித் தொழிலுக்கும் பொருந்தியது; மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருந்த விவசாயிக்குப் பொருந்தவில்லை. பின்னர் ஐரோப்பாவின் வாழை இறக்குமதிச் சலுகை உலக வணிக அமைப்பில் தோற்றதும் 2009 ஜெனீவா உடன்பாட்டில் வரி குறைந்ததும் அந்தத் தொழிலை ஏறக்குறைய முடித்துவைத்தன. அந்தச் சரிவுக்கு நாணயம் முதற்காரணம் இல்லை. ஆனாலும் யாருடைய வசதிக்கு ஏற்ப நாணயம் பிணைக்கப்பட்டது என்ற கேள்வியை அது எழுப்புகிறது; அந்தக் கேள்வி போதிய அளவு கேட்கப்படவே இல்லை.

அடுத்தது கடன். நோட்டடிக்க முடியாத அரசு செலவில் கட்டுப்பாடாக இருக்கும் என்று பாடநூல்கள் சொல்லும். இங்கே அது பொய்த்தது. நோட்டடிக்க முடியாதவர்கள் கடன் வாங்கினார்கள். செயின்ட் கிட்ஸ் மூன்று நூற்றாண்டு பழமையான சர்க்கரைத் தொழிலை 2005இல் மூடியது; சில ஆண்டுகளில் அதன் கடன் நாட்டு உற்பத்தியின் ஒன்றரை மடங்கைத் தாண்டி, 2012இல் கடன்காரர்களோடு மறுபேச்சு நடத்த நேர்ந்தது. கிரெனடா 2013இல் தவணை கட்ட முடியாமல் நின்றது. கடனை உற்பத்தியில் 60 விழுக்காட்டுக்குள் கொண்டுவர நாணய ஒன்றியம் வைத்த கெடு முதலில் 2007, பிறகு 2020, அதன் பிறகு 2030, இப்போது 2035. ஒரு விதியை மீற எட்டுப் பேரின் ஒப்புதல் தேவை. இன்னொரு விதியை மீறுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. எந்த விதி நிற்கும், எது நிற்காது என்பதை இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

பணத்தின் மதிப்பு மாறாதபோது சுமை வேறு இடத்தில் இறங்குகிறது: அரசு ஊழியரின் உறைந்துபோன சம்பளத்தில், வேலையில்லாத இளைஞரிடத்தில், டொராண்டோவுக்கும் நியூயார்க்குக்கும் விமானம் ஏறும் பட்டதாரியிடத்தில். கல்லூரி முடித்தவர்களில் இத்தனை பெரும்பங்கை வெளிநாட்டுக்கு இழந்த பகுதிகள் உலகில் மிகக் குறைவு. விலைவாசிப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இந்த இழப்பு படாது.

இன்னொன்று எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சட்டம் கேட்பது 60 விழுக்காடு ஈடு. நடப்பில் வங்கி வைத்திருப்பது பெரும்பாலும் 90ஐ ஒட்டி அல்லது அதற்கு மேல். ஏழைத் தீவுகள் வெளிநாட்டில் போட்டுவைத்திருக்கும் அந்தக் கையிருப்பில் பெரும்பகுதி பணக்கார நாட்டுக்குக் கொடுத்த கடன். உள்ளூர் வணிக வங்கிகளிலும் கடன் கேட்டு வருவோருக்குக் கொடுக்காமல் பணம் தேங்கிக் கிடக்கிறது. ஈடு காட்ட நிலப்பத்திரம் இல்லாத விவசாயியும் மீனவரும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். புயல் பாதையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் கையிருப்பு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு போதும் என்று வரையறுக்காமல் குவிப்பது எச்சரிக்கை ஆகாது. செயின்ட் லூசியாவில் பிறந்து, வளரும் நாடுகளின் பொருளாதாரத்துக்காக 1979இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸின் படம் இந்த நாணயத்தின் 100 டாலர் தாளில் இருக்கிறது. சேமிப்பு எப்படி உற்பத்தித் தொழிலாக மாறும் என்பதே அவர் வாழ்நாள் கேள்வி. அதற்கான விடை அவருடைய மண்ணில் இன்னும் கிடைக்கவில்லை.

இனி வணிகம். ஒரே பணம் இருந்தால் எல்லை கடந்து பொருள் ஓடும் என்பது ஒன்றியங்களுக்குச் சொல்லப்படும் முதல் நியாயம். 1981இல் இந்தத் தீவுகளை ஓர் அமைப்பாக்கிய பாஸட்டேர் ஒப்பந்தம், 2011இல் பொருளாதார ஒன்றியம், மக்கள் தடையின்றிப் போய்வரும் உரிமை எல்லாம் வந்தும், இந்தத் தீவுகள் தங்களுக்குள் வாங்கி விற்பது சொற்பம். எல்லோரும் ஒன்றையே விளைவித்து, ஒன்றையே வெளியிலிருந்து வாங்குகிறார்கள் என்பது ஒரு காரணம். போக்குவரத்து அதைவிடப் பெரிய காரணம். டொமினிக்காவின் பெண் வியாபாரிகள் தலைமுறைகளாகச் சேனைக்கிழங்கும் வாழையும் எலுமிச்சையும் சிறு கப்பல்களில் ஏற்றி ஆன்டிகுவாவுக்கும், தமிழ் வம்சாவளியினர் இன்றும் வாழும் பிரெஞ்சுத் தீவான குவாடலூப்புக்கும் கொண்டுபோய் விற்கிறவர்கள். குவாடலூப்பில் யூரோ, இவர்களிடம் வேறு பணம். இருந்தும் வியாபாரம் நடந்தது. படகு இருந்ததால் நடந்தது. தீவுகளை இணைத்த லியாட் விமான நிறுவனம் 1956 முதல் பறந்து, 2020இல் நொடித்துப்போனது. சில தீவுகளுக்கு இடையே பயணச்சீட்டு மியாமிக்குப் போவதைவிட அதிகம் என்ற நிலை வந்தது. வேறொரு முதலீட்டாளரோடு புதிய வடிவில் 2024இல் மீண்டும் பறக்கத் தொடங்கியிருக்கிறது. பொது நாணயத்தில் காட்டிய அக்கறையில் கால்பங்கை ஒரு பொதுக் கப்பல் சேவையில் காட்டியிருந்தால் ஆன்டிகுவா விடுதியின் சாப்பாட்டு மேசையில் டொமினிக்காவின் காய்கறி இருந்திருக்கும்.

விரிந்த கரீபியச் சமூகத்தோடு கொண்ட உறவிலும் ஒரு கசப்பான படிப்பினை உண்டு. உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று உள்ளூர்ப் பணத்தில் கணக்குத் தீர்க்க 1977இல் ஒரு பொதுத் தீர்வகம் அமைத்தார்கள். அமெரிக்க டாலர் தட்டுப்பாட்டைத் தணிக்க நல்ல யோசனை. ஆனால் கயானாவின் பாக்கி ஏறி ஏறி கடன் வரம்பு முழுவதையும் தின்றது. 1983இல் தீர்வகம் நின்றது. பிராந்திய வணிகம் பல ஆண்டுகள் அந்த அடியிலிருந்து எழவில்லை. எட்டுத் தீவுகளின் பணம் பிழைத்ததற்கும் இந்தத் தீர்வகம் மடிந்ததற்கும் வேறுபாடு எளிது. இங்கே ஒருவர் தவறை மற்றவர்கள் தடுக்க முடியும். அங்கே ஒருவர் தவறுக்கு மற்றவர்கள் பணம் கட்டினார்கள்.

இந்தப் பாடத்தைக் கற்றவர்கள்கூட அதை வேறு துறைக்குக் கொண்டுபோகவில்லை. 1984இல் செயின்ட் கிட்ஸ் முதலீட்டாளருக்குக் குடியுரிமை விற்கத் தொடங்கியது. டொமினிக்கா, ஆன்டிகுவா, கிரெனடா, செயின்ட் லூசியா பின்தொடர்ந்தன. ஒருவரையொருவர் முந்திக்கொண்டு விலையைக் குறைத்தார்கள். வெளிநாடுகளின் அழுத்தம் வந்த பிறகே, 2024இல், 2 லட்சம் அமெரிக்க டாலருக்குக் கீழே விற்பதில்லை என்று உடன்பட்டார்கள். தாமதமானாலும் சரியான காரியம். வங்கிகளிலும் அதே கதை: 2013இல் அங்குயில்லாவின் இரு உள்ளூர் வங்கிகளை மைய வங்கி தன் கட்டுப்பாட்டில் எடுத்தது, தீர்வு காண 2016 ஆயிற்று, வைப்புதாரர் மூன்றாண்டு காத்திருந்தார்கள். மைய வங்கி 2021இல் வெளியிட்ட டிகேஷ் என்ற மின்னணுப் பணமும் 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் செயலிழந்து, 2024இல் அந்த முன்னோட்டம் நிறுத்தப்பட்டது. புதுமை செய்யும் துணிச்சலைப் பாராட்டலாம். ஆனால் விமானமும் கப்பலும் இல்லாத இடத்தில் முதலில் வேண்டியது அதுவா?

பிணைப்பைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கைவிட்டால் முதலில் அடிபடுவது சம்பளக்காரர்தான். செய்ய வேண்டியதற்கு ஒரு முன்மாதிரி கிரெனடாவிலேயே இருக்கிறது. 2015 கடன் மறுசீரமைப்பின்போது, பெரும்புயல் தாக்கினால் தவணைகளைத் தள்ளிவைக்கலாம் என்ற நிபந்தனையைக் கடன்பத்திரத்தில் எழுதி வாங்கினார்கள். 2024 ஜூலை 1இல் பெரில் புயல் கிரெனடாவின் கரியாக்கூ தீவைத் துடைத்தெடுத்தபோது அந்த நிபந்தனை பயன்பட்டது; தவணைக்குப் போக வேண்டிய பணம் மீட்புக்குக் கையில் இருந்தது. அதை ஒரு நாட்டுக் கருவூலம் தனியாகப் பேசி வாங்கியது. ஒன்றியத்துக்கு 2002 முதல் பொதுக் கடன்பத்திரச் சந்தை இருக்கிறது. அதிலும் ஒவ்வொரு அரசும் தன் பெயரில், தன் வட்டியில்தான் வாங்குகிறது. எட்டும் ஒரே பத்திரம் எழுதி, ஒருமனதானால்தான் கூடுதல் கடன் என்ற விதியை அதற்கும் வைத்து, புயல் நிபந்தனையையும் சேர்த்துச் சந்தைக்குப் போனால், ஆறு லட்சம் பேரின் குரலுக்குக் கடன்காரர்கள் காதுகொடுத்தே ஆக வேண்டும். மைய வங்கியின் நாணயக் குழுவில் எட்டு அமைச்சர்களும் ஏற்கெனவே ஒரே மேசையில்தான் உட்காருகிறார்கள்.