வினையும் விளையாட்டும்

உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று கூறிய தொல்காப்பியர், செல்வம், புலன், புணர்வு என்பனவற்றோடு விளையாட்டையும் அந்நான்கனுள் ஒன்றாக வைத்தார். மெய்ப்பாட்டியல் பயின்ற மாணவர் இதனை அறிவர். ஆயின், இன்றைய இளைஞர் இரவு நெடுநேரம் கண்விழித்து ஆடும் காணொளி விளையாட்டுகள் பலவற்றில் உவகையைக் காட்டிலும் அச்சமும் அழுகையும் இளிவரலுமே மிகுந்து நிற்கின்றன. மகிழ்வதற்கென்று ஏற்பட்ட ஒன்றில் மனிதன் ஏன் அஞ்சவும் அழவும் விரும்புகிறான்? இவ்வினா திறனாய்வுக்கு உரிய வினாவே ஆகும்.

இவ்விளையாட்டுகளைப் பற்றி ஆசிரியரிடையே இருவகைப் போக்குகள் உள்ளன. பிள்ளைகளைக் கெடுப்பவை என்று முற்றாக ஒதுக்குவது ஒன்று. பொழுதுபோக்குத்தானே என்று கண்டும் காணாமல் விடுவது மற்றொன்று. இரண்டும் நூலைத் திறந்து பாராமலே தீர்ப்புக் கூறுவதை ஒக்கும். நாவல் படித்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்று அஞ்சிய காலமும் ஒன்று இருந்தது. ஆடிப் பார்த்து, நல்லது இது, குறை இது என்று எடுத்துக்காட்டுவதே நடுநிலையான நெறி. அவ்வகையில், பாத்திரமேற்று ஆடுவது, போர்ச்செயல் நிறைந்தது, திகில் ஊட்டுவது என்னும் மூவகைக்கும் ஒவ்வொன்றாக மூன்று ஆட்டங்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

ஆராயுமுன் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். கோவலன் வெட்டுண்ட செய்தியைப் படிப்பவர் கண்ணீர் விடுவர். ஆனால் பொற்கொல்லன் செய்த பழி படிப்பவரைச் சேராது. காணொளி விளையாட்டில் அவ்வாறன்று. வாளை ஓங்கும் பாத்திரம் கற்பனையே எனினும், ஓங்கச் செய்யும் விரல் ஆடுபவருடையது. விளையாட்டு வினையாகும் என்னும் பழமொழியைப் பெற்றோர் எச்சரிக்கையாகவே கூறுவர். இக்கலைக்கு அதுவே இலக்கணமாகவும் அமைந்துவிடுகிறது.

கொல்லாமையை வேண்டும் ஆட்டம்

அமெரிக்கரான டோபி ஃபாக்ஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ பாத்திரமேற்று ஆடும் வகையைச் சார்ந்தது. மனிதரோடு போரிட்டுத் தோற்ற பூதங்கள் நிலத்தடியில் அடைக்கப்பட்டுள்ளன. அங்கே ஒரு மனிதக் குழந்தை தவறி விழுகிறது. எதிர்ப்படும் பூதங்களைக் கொல்லலாம். பேசியும் பொறுத்தும் உயிரோடு விட்டுவிடலாம். அது ஆடுபவரின் விருப்பம்.

தொடக்கத்தில் டோரியல் என்னும் பூதத்தாய் அக்குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, பலகாரம் சுட்டுக் கொடுத்து, உறங்க அறையும் தருகிறாள். வெளியே சென்றால் குழந்தை மாண்டுபோகும் என்று அஞ்சி வாயிலை மறித்து நிற்பவளும் அவளே. இத்தகைய ஆட்டங்களிற் பழகியவர், சற்றே அடித்தால் அவள் வழிவிடுவாள் என்று எண்ணி அடிக்கிறார். அவள் தளர்ந்த நிலையில் விழும் ஓர் அடி, எண்ணியதைவிடப் பன்மடங்கு வலியதாகி அவள் உயிரைக் குடித்துவிடுகிறது. மனம் பொறாதவர், முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கி அவளைப் பிழைக்க வைக்கிறார். ஆனால் அடுத்துத் தோன்றும் பேசும் மலர் ஒன்று, முன்பு அவளைக் கொன்றதைத் தான் அறிவதாகச் சொல்லி எள்ளி நகைக்கிறது. அழித்து எழுதலாம் என்று நம்பிய கணக்கு அழியவில்லை.

இவ்வகை ஆட்டங்களில் எதிரியைக் கொல்லுந்தோறும் அனுபவப் புள்ளிகளும் படிநிலையும் உயரும். அதை வளர்ச்சி என்றே எல்லாரும் கொள்வர். அண்டர்டேலின் இறுதிப் பகுதியில், அவ்வெண்கள் கொலைகளையும் கொடுமையையும் அளந்தவை என்று ஒரு பாத்திரம் விளக்குகிறது. பல்லாண்டுப் பழக்கத்தை ஒரே உரையாடலில் கேள்விக்கு உள்ளாக்கிய இவ்விடம் பாராட்டத்தக்கது.

குறையும் உண்டு. எந்தப் பூதத்திடம் எந்தச் செயலை எத்தனை முறை செய்தால் அது போரைக் கைவிடும் என்று கண்டறிவதே பல இடங்களில் இரக்கமாகிவிடுகிறது. இரக்கம் ஒரு புதிராகச் சுருங்குகிறது. மேலும், எவரையும் கொல்லாதவருக்கே இனிய முடிவு பரிசாகக் கிடைக்கிறது. மறுமைப் பயனை விலையாக எண்ணி அறஞ்செய்பவன் அல்லன் ஆய் என்று முடமோசியார் புறநானூற்றில் போற்றினார். அவ்வுரைகல்லில் தேய்த்தால் அண்டர்டேலின் அறம் சற்று மாற்றுக் குறைந்ததே.

வீரத்தின் விலை

இரண்டாவது, ஜப்பானியரான ஃபுமிட்டோ உவேடாவின் இயக்கத்தில் 2005இல் வெளிவந்து, 2018இல் புதுப்பிக்கப்பட்ட ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’. இறந்த பெண் ஒருத்தியை ஓர் இளைஞன் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு, எவரும் புகக்கூடாத நிலத்துக் கோயிலுக்கு வருகிறான். பதினாறு பேருருவங்களை வீழ்த்தினால் அவள் உயிர் பெறக்கூடும் என்றும், அதற்குக் கொடுக்கும் விலை பெரிதாக இருக்கலாம் என்றும் ஒரு குரல் கூறுகிறது. அவன் தயங்கவில்லை.

அந்நிலத்தில் ஊர் இல்லை. வேறு பகைவர் இல்லை. குதிரையும் வெட்டவெளியுமே துணை. மலைபோன்ற உருவங்களின் மயிரைப் பற்றி ஏறி வாளைப் பாய்ச்சுகையில் நெஞ்சு விம்முகிறது. ஆனால் அவற்றுள் சில, தாக்கப்படும்வரை அவனைப் பொருட்படுத்துவதே இல்லை. பதின்மூன்றாவதாக வரும் பறக்கும் உருவம் அவனை ஒருபோதும் தாக்குவதில்லை. ஒவ்வொன்றும் சாயும்போது வெற்றி முழக்கம் கேட்பதில்லை. இரங்கற்பண் போன்ற இசையே எழுகிறது. இறந்த உடலினின்று கிளம்பும் கரிய இழைகள் அவனுள் பாய்கின்றன. நாளடைவில் அவன் தோற்றமே கெடுகிறது.

பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கு நிலைக்களன்களை மெய்ப்பாட்டியல் கூறும். இவ்விளைஞனிடம் உள்ளது தறுகண் ஒன்றே. பழியஞ்சும் இசைமையும் நன்மை தீமை ஆராயும் கல்வியும் இல்லாத தறுகண் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதே இவ்வாட்டத்தின் பொருள் எனலாம்.

கொல்லாமல் விடும் வழியே இல்லாத ஆட்டத்தில் ஆடுபவரைக் குற்றவாளியாக்குவது முறையாகுமா என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆயினும், தாக்காத உயிரின்மேல் வாளெடுக்கும்போது உள்ளம் ஒரு நொடி கூசுகிறது. கூசியபின்னும், அடுத்து வருவதைக் காணும் ஆவலால் கை முன்செல்கிறது. அக்கூச்சத்தையும் அதனை மீறும் ஆவலையும் ஒருங்கே உணர்த்துவதில் இவ்வாட்டம் அண்டர்டேலினும் உயர்ந்து நிற்கிறது. இங்குப் பரிசு காட்டி எவரும் நல்லவராக்கப்படவில்லை.

அச்சத்தின் ஊற்று

மூன்றாவது, கொனாமி நிறுவனம் 2001இல் வெளியிட்ட ‘சைலன்ட் ஹில் 2’. போலந்து நாட்டு ப்ளூபர் டீம் நிறுவனம் இதனைப் புதிதாக உருவாக்க, 2024இல் மீண்டும் வெளிவந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் நோயால் இறந்த மனைவியிடமிருந்து ஜேம்ஸ் என்பவனுக்குக் கடிதம் வருகிறது. மூடுபனி சூழ்ந்த ஊருக்கு அவளைத் தேடிச் செல்கிறான். கோர உருவங்கள் அவனைத் தொடர்கின்றன. இறுதியில் வெளிப்படும் உண்மை, நோயுற்றிருந்த மனைவியைக் கொன்றவன் அவனே என்பது.

அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை ஆகிய நான்கினால் அச்சம் பிறக்கும் என்றார் தொல்காப்பியர். மேலோட்டமாக நோக்கின் இவ்வூரில் இருப்பது அணங்கச்சம். கதை முடிந்தபின் நோக்கினாலோ, அது நான்காவதற்கு நெருங்கியதென்று புலனாகும். தண்டிக்கும் இறை வெளியில் இல்லை. குற்றமுள்ள நெஞ்சே இறையாகி நிற்கிறது. பெரிய கத்தியை இழுத்து வரும் முக்கோணத் தலை உருவம், தன்னைத் தண்டிக்க ஒருவர் வேண்டும் என்று அவன் உள்ளம் விரும்பியதால் வந்ததே.

ஆடுபவர் அறியாமற் செய்யும் சிறு செயல்களையும் இவ்வாட்டம் எண்ணி வைக்கிறது. காயத்தை ஆற்றாமல் நெடுநேரம் திரிந்தாலோ, பிறர் கொடுத்த கத்தியை அடிக்கடி எடுத்துப் பார்த்தாலோ, அவன் தன் உயிரைப் பேணாதவன் என்று கணித்துத் துயரமான முடிவை நோக்கி நடத்துகிறது. வினைப்பயனை இத்துணை நுட்பமாகக் கதையோடு இணைத்த ஆட்டங்கள் சிலவே.

புதிய ஆக்கத்தில் காட்சியழகும் நடிப்பும் சிறந்துள்ளன. ஆனால் சண்டைகள் மிகுந்துவிட்டன. இருண்ட தாழ்வாரங்கள் நீண்டுவிட்டன. பத்தாவது முறை அடித்து வீழ்த்தும் உருவத்தைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை, சலிப்பே மிஞ்சும். மெய்ப்பாடு மிகையாற் கெடும் என்பதற்கு இது சான்று. இவ்வாட்டம் முதிர்ந்தோர்க்கே உரியது. பள்ளி மாணவர் கையில் கொடுக்கத்தக்கதன்று என்பதையும் கூறியே ஆகவேண்டும்.

முடிவுரை

மூன்றையும் ஒருங்கு நோக்கின், நல்ல ஆட்டத்தை அளக்கும் கோல் குருதியின் அளவும் அன்று, காட்சியின் பகட்டும் அன்று என்பது தெளிவாகும். செய்த வினையை ஆடுபவர் தம்முடையதென்று உணர்ந்தாரா என்பதே அளவுகோல். இவை போன்ற தரமில்லாத ஆட்டங்கள் எத்தனையோ உள. அவற்றில் எதிரி விழுவான், எண் கூடும், நெஞ்சில் எதுவும் தங்காது. ஒதுக்கத்தக்கவை அவையே.

எனவே, விளையாடிவிட்டு வரும் மாணவனிடம் எத்தனை மணி நேரம் ஆடினாய் என்று மட்டும் கேட்பது போதாது. அங்கே என்ன செய்தாய், ஏன் செய்தாய், வேறு செய்திருக்கலாகாதா என்றும் ஆசிரியர் கேட்க வேண்டும். சிலப்பதிகாரத்தை நடத்தும்போது பாண்டியனைப் பற்றி வகுப்பில் கேட்கும் வினாக்களும் இவையே. விடை தேடிப் பழகிய மாணவன், நல்ல ஆட்டத்தையும் வீண் ஆட்டத்தையும் தானே பிரித்தறிவான். நல்ல நூலையும் அவ்வாறே பிரித்தறிவான்.