பாட்டும் பந்தியும்

லெந்து நாட்கள் வந்துவிட்டால், தமிழகத்துச் சீர்திருத்தக் கிறித்துவக் கோயில்களில் ஓர் ஒழுங்கு தோன்றிவிடும். சாம்பல் புதனில் தொடங்கி, ஞாயிறுகளை நீக்கி நாற்பது நாள். ஞாயிறுதோறும் ஆராதனை, வார நடுவில் ஒரு மாலை, பெரியவர்கள் கூடியமர்ந்து வேதம் ஆராயும் வகுப்பு. பாடுவது நெஞ்சை உருக்க. ஆராய்வது நெஞ்சைத் துலக்க. உருக்கம் நிறையவே காண்கிறோம். துலக்கம் எவ்வளவு? இதுவே நம் கேள்வி.

அந்த ஞாயிறுகளில் ஒலிக்கும் கீர்த்தனைகளில் பல, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தந்தவை. சுவார்ட்சு பாதிரியாரிடம் பயின்றவர் அவர். சரபோசி மன்னரின் மதிப்பைப் பெற்ற புலவர். செர்மானிய மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லை வளைத்துப் பாடிய கோயிலுக்குள், நம் நாட்டு இராகமும் தாளமும் வழக்கூன்ற உழைத்த பெருமை அவருக்குரியது. அதை மறுப்பார் தமிழின் நன்றி மறந்தாராவர்.

அவருடைய பெத்லகேம் குறவஞ்சியைப் பாருங்கள். சீயோன் மகள் தேவமோகினி ஆண்டவர்பால் காதல் கொண்டு வாடுகிறாள். அவளுக்கு நற்செய்தி கொண்டுவருபவர் யார்? அரண்மனைப் பண்டிதரா? ஆலயத்துக் குருவா? அல்லர், ஞானச்சிங்கி என்னும் குறத்தி! மலையும் காடும் சுற்றி வந்த குறமகள், உயர்குலத் தலைவியின் கைபற்றிக் குறி சொல்கிறாள். விசுவாசத்துக்கே குறத்தி வடிவம் கொடுத்த கற்பனை அது. குறவஞ்சி என்னும் இலக்கிய மரபு இந்த அமைப்பைத் தந்தது உண்மை. அதனுள் இத்துணைப் பெரிய பொருளைப் பொதிந்தது புலவரின் ஆற்றல்.

ஆனால், ஏட்டில் குறத்தியின் கையில் தன் தலைவியின் கையைக் கொடுத்த அதே புலவர், கோயிலில் என்ன கேட்டார்? சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை கேட்டார்! சாதியை ஒழிக்கப் பாதிரிமார் முனைந்தபோது, அந்தச் சீர்திருத்தம் பேதைமை என்று பழித்து 1829இல் நூலே எழுதினார். சாதி உலக வழக்கம், சமயத்துக்கு அது தடையன்று என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவர் முறையிட்ட கொடுமைகள் நான்கு. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. சாதிகளைக் கட்டாயமாகக் கலப்பது மற்றொன்று. திருமணத்தில் மலரை விலக்குவது வேறொன்று. வழிபாட்டில் தமிழிசையைத் தடுப்பது இன்னொன்று. இவற்றுள் இசைக்காகவும் மலருக்காகவும் அவர் வாதாடியது நேர்மை. கடல் கடந்து வந்தவர்கள் தம் நாட்டுப் பழக்கத்தையே சமயமென்று கருதிய செருக்கை அவர் எதிர்த்தார். ஆனால் பண்பாட்டுக்குக் கட்டிய அரணுக்குள்ளேயே சாதியையும் குடியமர்த்திவிட்டாரே! மலரும் மரபு, மேடு பள்ளமும் மரபு என்று ஒரே தட்டில் வைத்தாரே! அங்கேதான் அறிவு சறுக்கியது.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை அறவே விடுமாறு கட்டளையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் கோயிலைவிட்டே வெளியேறினர். ஒரே பந்தியில், ஒரே கிண்ணத்தில் அருந்துவதைவிட ஆண்டவரின் விருந்தையே விட்டுவிடுவது எளிதாகத் தோன்றியது அவர்களுக்கு!

இதற்காகச் சாஸ்திரியாரின் பாட்டை ஒதுக்கிவிடலாமா? வேண்டா. அது பாட்டின் குற்றமன்று. ஞாயிறன்று அவர் பாட்டைப் பாடட்டும். வார நடுவில் அவர் உரைநடையையும் எடுத்து வைத்து ஆராயட்டும். புகழ்மாலை சூட்டிப் புலவரைப் படமாக மாட்டுவது எளிது. அவருடைய ஏட்டையும் இருக்கையையும் ஒப்புநோக்குவதே திறனாய்வு. முதியோர் வகுப்புக்கு அதைவிடத் தக்க பாடம் ஏது? இறந்தபின்னும் பிரிந்து கிடக்கக் கல்லறையில் சுவரெழுப்பிய ஊர்களை இந்நாடு கண்டிருக்கிறது. ஆகவே இது பழங்கதை ஆராய்ச்சியன்று.

லெந்து முடியும் வாரத்தில் பெரிய வியாழன் வருகிறது. அன்று படிக்கப்படும் யோவான் நற்செய்தியில், ஆசான் எழுந்து, இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மாணவர் கால்களைக் கழுவுகிறார். எந்தக் குலத்துக் கால் என்று அவர் கேட்கவில்லை. நாற்பது நாள் பாடியவர்கள் அந்த ஒரு காட்சியைக் கண்திறந்து பார்த்தால் போதும். பாட்டும் பந்தியும் ஒன்றாகும்.