பெயர் எழுதிய பூதம்

கருத்துப்படங்களில் வரும் உருவங்களின் மேல் பெயர் எழுதிவைக்கும் வழக்கத்தை ஆதரித்து, அண்மையில் ஒரு கூட்டத்தில் நண்பரொருவர் பேசினார். காலையில் காபி ஆறுவதற்குள் பத்திரிகையைப் புரட்டிவிட்டு வேலைக்கு ஓடுகிற சாமானிய வாசகனுக்குச் சித்திரத்தின் பொருள் சட்டென்று விளங்கவேண்டும் என்றும், பாரதியாரே தம் 'இந்தியா' பத்திரிகையில் வெளியிட்ட சித்திரங்களுக்கு விளக்கம் எழுதினார் என்றும், ஆகவே இது நமக்குப் பூர்விகச் சொத்து என்றும் அவர் வாதித்தார்.

அவசரக்காரனுக்குப் பெயர் உதவுகிறது என்பது மெய்யே. பற்றாக்குறை, பணவீக்கம் போன்ற உருவமற்ற விஷயங்களை வரைவது கஷ்டம் என்பதும் மெய்யே. ஆனால் 'இந்தியா' தொடங்கிய 1906-ல் தமிழ் வாசகனுக்கு அரசியல் சித்திரம் என்பதே புதிது. வித்தியாரம்பத்தன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோம். அவன் வளர்ந்து ஆளான பிறகும் அந்த விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவனுக்குச் செய்கிற உபகாரம் ஆகுமா?

நம் பத்திரிகைகளில் அடிக்கடி காணும் சித்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோரைப்பல்லோடு ஒரு பூதம். அதன் தொந்தியில் 'விலைவாசி' என்று கொட்டை எழுத்து. அதன் காலடியில் நசுங்கும் மெலிந்த மனிதனின் துண்டில் 'பொதுஜனம்'. இவ்விரண்டு சொற்களையும் விரலால் மறைத்துப் பாருங்கள். அந்தப் பூதம் வெள்ளமாகவும் இருக்கலாம், யுத்தமாகவும் இருக்கலாம், வட்டிக்கடைக்காரனாகவும் இருக்கலாம். ஏனெனில் வரைந்தவர் விலைவாசியைப் பற்றிச் சிந்திக்கவே இல்லை. சிந்திக்கவேண்டிய வேலையை அச்செழுத்திடம் ஒப்படைத்துவிட்டார். மளிகைக் கடையில் துவரம்பருப்பின் விலையைக் கேட்டுவிட்டு, முந்தானையில் முடிந்த காசை அவிழ்க்காமலே திரும்புகிற ஒரு பெண்ணின் முதுகை அவர் வரைந்திருந்தால், அதன்மேல் என்ன எழுத வேண்டியிருந்திருக்கும்? ஆர்.கே. லக்ஷ்மணின் கருத்துப்படங்களில் வரும் சாமானியன் வாய் திறப்பதில்லை. கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமே அவன் இன்னாரென்று சொல்லிவிடுகின்றன.

நியூயார்க் நகரைச் சூறையாடிய அரசியல்வாதி ட்வீட், தம் ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படம் பார்க்கத் தெரியும் என்று அஞ்சியதாகச் சொல்வார்கள். 1871-ல் சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட், ட்வீடின் பருத்த உடம்பின்மேல் தலைக்குப் பதிலாகப் பணமூட்டையை வைத்து, முகம் இருக்கவேண்டிய இடத்தில் டாலர் குறியைப் போட்டார். நாஸ்ட் வேறு படங்களில் பெயர்களைத் தாராளமாக எழுதியவர்தாம். என் நெஞ்சில் நிற்பவை அவையல்ல. எழுத்தறியாதவனுக்கும் போய்ச் சேரவேண்டிய ஒரு கலையை, எழுத்தறிந்தவனுக்கு மட்டும் உரியதாக்குகிறது இந்தப் பெயர்ச்சீட்டு.

இதைவிடப் பெரிய குற்றமும் உண்டு. பெருச்சாளியின் மேல் 'ஊழல்' என்று எழுதுகிறவர், ஊழல் செய்த மனிதனின் முகத்தை வரையவேண்டிய கடமையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார். பிரெஞ்சு மன்னன் லூயி பிலிப்பை ஜனங்களின் பணத்தை விழுங்கும் ராட்சசனாக வரைந்த தோமியே என்ற சித்திரக்காரர் 1832-ல் சிறை சென்றார்; 'பேராசை' என்றொரு பூதத்தை வரைந்திருந்தால் அவர் நிம்மதியாக வீட்டில் உறங்கியிருக்கலாம்.

அந்தத் தோமியேதான் இரண்டாண்டு கழித்து, பாரிஸில் ஒரு வீட்டுக்குள் புகுந்து சிப்பாய்கள் குடியிருந்தவர்களைக் கொன்ற சம்பவத்தைக் கல்லச்சில் வரைந்தார். கலைந்த படுக்கையில் சாய்ந்து, இரவுச் சட்டையும் குல்லாயுமாக ஒரு மனிதன் தரையில் கிடக்கிறான். அவன் உடலின் அடியில், ரத்தம் தோய்ந்த தலையோடு ஒரு குழந்தை. படத்தின் கீழே தெருவின் பெயரும் தேதியும்தாம் உண்டு. அதன் பிரதிகளை அரசாங்கம் தேடித் தேடிப் பறித்தது. இந்தச் சித்திரத்தில் எந்த இடத்தில், தகப்பனின் சட்டையிலா, குழந்தையின் நெற்றியிலா, 'கொடுங்கோன்மை' என்று எழுதச் சொல்வார் என் நண்பர்?